மூன்று சீருடையில் ஒரே முகம்

பல்கலைக்கழகத்தின் அறிவியல் கட்டடத்தில், கீழ்த்தளச் செய்முறைக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த உதவியாளரை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேராசிரியரும் அப்படியே கூப்பிடுவார். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. இடுப்பில் சாவிக்கொத்து தொங்காவிட்டால் அவளுக்கு நடையே கோணிவிடும். அலமாரியைப் பூட்டுவாள், பூட்டியதை இழுத்துப் பார்ப்பாள், வாசல்வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். தண்ணீர் குடிக்கப் போகிற நேரத்துக்குக்கூட நுண்ணோக்கிப் பெட்டியைத் திறந்து வைக்கமாட்டாள். யாராவது கேலி செய்தால், "காத்துக்குக் கையில்லைன்னு யாரு சொன்னது?" என்பாள்.

அப்படிப்பட்டவளின் கூடத்துக்குச் சனிக்கிழமைதோறும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வாரத்துக்கு ஒரு பள்ளி. அறிவியலைப் புத்தகத்தில் படித்தால் போதாது, பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் முடிவு செய்திருந்தார். ஆய்வு மாணவி ஒருத்தி முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பாள். பிள்ளைகள் அட்டைக்குழாய்க்குள் பழைய சிடித் துண்டைச் செருகி விளக்கொளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். வாழைப்பழத்தை மசித்து, உப்பும் சோப்புத் தண்ணீரும் கலந்து வடிகட்டி, மேலே குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றி, வெள்ளை வெள்ளையாக மிதந்து வரும் டிஎன்ஏவைக் குச்சியில் சுற்றி எடுப்பார்கள். கூடம் முழுக்கக் கூச்சலும் சிரிப்புமாக இருக்கும்.

பூட்டக்காவுக்குச் சிரிப்பு வராது. கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்கொத்திப் பாம்பாகப் பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். முகத்தைப் பார்ப்பதெல்லாம் வீண் வேலை, பொய் சொல்வது முகம், எடுப்பது கை என்பது அவளுடைய கணக்கு.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. அவளுடைய கணவன் இதே கூடத்தில் உதவியாளராக இருந்தவன். யாரையும் நம்புவான். ஒருநாள் அலமாரியிலிருந்த சின்னப் பிளாட்டினக் கிண்ணம் காணாமல் போனது. நீதான் எடுத்தாய் என்று அவன் முகத்துக்கு நேராக ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அவன் வந்தால் பேச்சு நின்றது. தேநீர் குடிக்கிறவர்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவன் அதை வெளியே சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக் குமைந்து, ஒரு காலை வேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். வேலை அவளுக்கு வந்தது. கிண்ணம் கடைசிவரை கிடைக்கவில்லை. வேலையில் சேர்ந்த அன்றே அவள் செய்த முதல் காரியம், எல்லாப் பூட்டுகளையும் மாற்றியதுதான்.

இந்த நிலையில்தான் அவளுக்கு அந்தப் பெண்மேல் சந்தேகம் விழுந்தது.

பச்சைக் கட்டம் போட்ட சீருடைப் பள்ளி வந்த வாரம் அந்தப் பெண் வந்திருந்தாள். ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, இடது புருவத்தில் ஒரு வெட்டு. அடுத்த வாரம் நீலச் சீருடைப் பள்ளி. கூட்டத்தின் நடுவே அதே வெட்டுப் புருவம். அக்காளோ தங்கையோ இருக்கும் என்று பூட்டக்கா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் அரக்கு நிறச் சீருடை. ஆய்வு மாணவி, "எல்லாரும் ஆளுக்கொரு வடிகட்டித் தாள் எடுத்துக்குங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை; மற்ற பிள்ளைகள் எங்கே எங்கே என்று விழித்துக்கொண்டிருக்க, அதே வெட்டுப் புருவத்தோடு ஒருத்தி மட்டும் நேராகப் போய் ஜன்னலோர மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள்.

பூட்டக்கா முக்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எந்த இழுப்பறையில் எது இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கே பாதி தெரியாது.

அன்று மாலை பொருட்களைச் சரிபார்த்தபோது கண்ணாடி முப்பட்டகம் ஒன்று குறைந்தது. மேசைக்கடியில் தேடினாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள், தொட்டியின் வடிகாலில் கைவிட்டுத் துழாவினாள். இல்லை. ஆய்வு மாணவியிடம் போய்ச் சொன்னாள்.

"ஒரே பொண்ணு மூணு ஸ்கூல்லேர்ந்து வருதாக்கா?" ஆய்வு மாணவி சிரித்துவிட்டாள். "யூனிஃபார்ம் போட்டா எல்லாப் பிள்ளைங்களும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்க கொஞ்ச நாள் லீவு போடுங்க."

"சிரி சிரி. நாளைக்கு மைக்ராஸ்கோப் போனா அப்பவும் சிரிப்பியான்னு பார்க்கறேன்."

அடுத்த சனிக்கிழமை வந்தது சாம்பல் நிறச் சீருடைப் பள்ளி. பேருந்திலிருந்து இறங்கிய கூட்டம் படியேறும்போது, சைக்கிள் நிறுத்தும் பக்கத்திலிருந்து ஒரு சாம்பல் சீருடை நழுவி வந்து கடைசியில் சேர்ந்துகொண்டதைப் பூட்டக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பல வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து அழைத்து வந்திருந்ததால் யாரும் யாரையும் கண்டுகொள்ளவில்லை. ஆசிரியரோ கைப்பேசியில் மூழ்கியிருந்தார்.

செய்முறை முடியும்வரை பூட்டக்கா அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண் மற்றவர்கள்போல் அரட்டை அடிக்கவில்லை. டிஎன்ஏ இழையைக் குச்சியில் சுற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்திலிருந்தவர்கள் கை கழுவப் போன பிறகும் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்லா நடிக்கிறாள் என்று பூட்டக்கா நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கை உயர்ந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. சட்டைக்கை ஓரத்தில், தைப்பதற்கு முன் துணி நகராமலிருக்கப் போடும் வெள்ளை நூலோட்டம் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.

வெளியேறும்போது வாசலில் மறித்தாள். "பையைத் திற."

அந்தப் பெண் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றாள். திறந்தாள். உள்ளே மடித்து வைத்த சாதாரணப் பாவாடை சட்டை, ஒரு தண்ணீர் பாட்டில். முப்பட்டகம் இல்லை.

"மாத்துத் துணி எதுக்கு?"

"இங்கேருந்து நேரா மாமா வீட்டுக்குப் போறேன்க்கா."

"எந்த கிளாஸ் நீ? கிளாஸ் டீச்சர் பேரென்ன?"

பதில் வருவதற்குள் பின்னாலிருந்த பிள்ளைகள் தள்ள, அந்தப் பெண் மீனாக நழுவிப் படியிறங்கிவிட்டாள். ஏறியது பள்ளிப் பேருந்தில் அல்ல; வெளிவாசல் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.

பூட்டக்கா கூடத்தைச் சாத்தினாள், பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள். ஆய்வு மாணவியின் கைப்பை உள்ளேயே மாட்டிக்கொண்டது. "அக்கா! அக்கா! என் பை!" என்று அவள் கத்துவது காதில் விழுந்தும் திரும்பவில்லை. நகரப் பேருந்தில் அந்தப் பெண் முன்வாசல் வழியாக ஏறினாள். பூட்டக்கா பின்வாசல் வழியாக ஏறி, ஒரு பெரிய மனிதரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இந்தத் திருடியை எந்த ஆள் அனுப்பியிருப்பான், பொருளை எங்கே கைமாற்றுவாள் என்று வழியெல்லாம் மனசு ஒரு பெரிய கும்பலையே உருவாக்கிக்கொண்டே வந்தது.

கடைத்தெருவைத் தாண்டி, ஒரு பழுதுபார்க்கும் பட்டறைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே இருந்த குறுகலான தையல்கடைக்குள் அந்தப் பெண் நுழைந்தாள். பூட்டக்கா தெருவில் நின்றபடியே உள்ளே பார்த்தாள். கம்பியில் வரிசையாகச் சீருடைகள் தொங்கின. பச்சைக் கட்டம், நீலம், அரக்கு. திரைக்குப் பின்னால் போய்த் துணி மாற்றி வந்த பெண், சாம்பல் சட்டையை மேசைமேல் விரித்து, தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டு, அந்த வரிசையில் மாட்டினாள். பிறகு ஒரு குவியலை மடியில் வைத்துக்கொண்டு பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.

பூட்டக்கா கட்டியிருந்த கும்பல் அந்த நிமிஷமே கலைந்துபோனது. ஆனாலும் விடவில்லை. உள்ளே போய் நின்றாள்.

அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஊசி விழுந்தது. "அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க," என்று கெஞ்சினாள். "நான் எதையும் எடுக்கலை. சத்தியமா எடுக்கலை."

"நீ எந்த ஸ்கூல்?"

"எந்த ஸ்கூலும் இல்லை. போன வருஷம் நின்னுட்டேன். அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, பொத்தானும் காஜாவும் நான்தான் போடணும். அளவு குடுக்க வர்ற பிள்ளைங்க, யுனிவர்சிட்டிக்குப் போறோம், அது பண்ணப் போறோம், இது பண்ணப் போறோம்னு பேசிக்குவாங்க. எந்த வாரம் எந்த ஸ்கூல்னு அதுலேயே தெரிஞ்சிரும். என் அளவுல ஒண்ணாவது தைக்கறதுக்கு இருக்கும்..."

"நாலு தடவை பார்த்ததையேவா திரும்பத் திரும்பப் பார்ப்பே?"

"முதல் தடவை எனக்கு இழை வரலைக்கா. கலங்கிப் போச்சு. ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் பாதிதான் வந்துச்சு. இன்னைக்குத்தான் முழுசா வந்துச்சு."

அப்போது உள்ளறையிலிருந்து தையல்காரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "யாரும்மா? என்ன வேணும்?"

மகள் முகம் வெளுத்துப்போனது. பூட்டக்கா கம்பியில் தொங்கிய சாம்பல் சட்டையை மறைத்து நின்றுகொண்டாள். "யுனிவர்சிட்டியிலேர்ந்து வர்றேன். எங்க லேப் கோட்டெல்லாம் பிள்ளைங்களுக்குப் பெருசா இருக்கு, தரையைக் கூட்டுது. சின்னதாக்கித் தருவீங்களான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அதுக்கென்ன, கொண்டாங்க," என்றாள் தையல்காரி.

வீட்டுக்குப் போன பிறகு பூட்டக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நாம் ஏமாந்துவிட்டோமோ? இத்தனை அழகாகக் கதை சொல்லத் தெரிந்தவளுக்கு ஒரு முப்பட்டகத்தை மறைக்கத் தெரியாதா? மறுபடியும் அந்தக் கட்டடத்தில் ஒரு பொருள் போனால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கணவன் தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டு நின்ற கோலம் கண்முன் வந்தது. ஒருவர், ஒரே ஒருவர் அன்று அவன் பக்கத்தில் போய் நின்றிருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்ததுதான்.

திங்கட்கிழமை பேராசிரியரின் அறைக்குப் போய், சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார். "பள்ளி மூலமா வர்றவங்களுக்குத்தான் அனுமதி, பூட்டக்கா. ஏதாவது உடைஞ்சா, கையில ஏதாவது பட்டுட்டா, எதாவது தொலைஞ்சா யாரு பொறுப்பு?"

"நான்."

"நீங்களா?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "எனக்கே சாவி தரமாட்டீங்களே!"

"சாவி இப்பவும் தரமாட்டேன். அந்தப் பொண்ணு சனிக்கிழமை வரும், சொந்தத் துணியில வரும். நான் பார்த்துக்கறேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசியில், "சரி, உங்க பாடு," என்றார்.

கோட்டுகள் தையல்கடைக்குப் போவதற்கு முன்னால் சலவைக்குப் போயின. சலவைக்காரர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, "இது ஒரு கோட்டுப் பையில கிடந்துச்சும்மா," என்று முப்பட்டகத்தை நீட்டினார். கோட்டின் கழுத்தில் ஆய்வு மாணவியின் பெயர் நூலால் எழுதியிருந்தது. ஆய்வு மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பூட்டக்கா முப்பட்டகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து ஆய்வு மாணவியின் கோட்டுப் பையையும் சோதிக்காமல் அனுப்பியதில்லை.

அந்தப் பெண் சனிக்கிழமைகளில் வந்தாள். சில வாரம் கடையில் வேலை அதிகமாகி வரமாட்டாள். பூட்டக்கா அன்றைக்குச் சைக்கிள் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தையல்காரிக்கு விஷயம் தெரிந்தபோது ஒரு பெரிய ரகளை நடந்தது. "ஊரான் பிள்ளை துணியைப் போட்டுக்கிட்டா போனே!" என்று மகள் முதுகில் இரண்டு வைத்தாளாம். பிறகு தானே கூட வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாழைப்பழத்திலிருந்து இழை எழுவதைப் பார்த்துவிட்டு, "இது நூல் மாதிரியே இருக்கே," என்றாள். தனித்தேர்வு எழுத அனுப்புவதற்கு அதன்பின் அவள் தடை சொல்லவில்லை. முதல் முறை மகளுக்குக் கணக்குப் பாடம் போனது. அடுத்த முறை தேறினாள். ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில் இடம் கிடைத்தது.

சேருவதற்கு முந்தின வாரம் சொல்லிக்கொண்டு போக வந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. பூட்டக்கா சோதனைக்குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது. நான் திருடின்னு நெஜமாவே நெனச்சீங்களா?"

"ஆமா."

"எப்போ இல்லைன்னு தோணுச்சு?"

பூட்டக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "தோணும்போது சொல்றேன். இப்போ பையைத் திற."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பையைத் திறந்தாள். அதற்குள் பூட்டக்கா, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்து, வாயை இழுத்து மூடி, வழியில் யாரிடமும் பையைக் கொடுத்துவிட்டு நிற்காதே என்று சொல்லி அனுப்பினாள்.