பட்டுப்புடவையில் நின்ற வரிசை

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். நேரில் பேசப் பயம் என்பதால் அதை இணையத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் ஆரணியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் ஒரு தமிழ் விவாதக் களத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். நம் காலத்தில் நடந்ததை நாமே எழுதி வைப்போம் என்று அங்கே ஒரு பகுதி இருந்தது. எதையும் நேரில் பார்க்காதவர்கள்தான் அதில் அதிகம் எழுதினார்கள்.

ஒருநாள் ஒருவர் ஒரு புகைப்படம் போட்டார். நூல் விலை ஏறித் தறிகள் நின்றுபோன வருடம் ஆரணியில் நெசவாளர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள், அப்போது நானே எடுத்த படம் என்று எழுதியிருந்தார். வரிசையில் மூன்றாவதாக நின்றது என் அம்மா.

அந்த வருடம் எங்களுக்கு நெய்யப் பாவு நூல் கொடுக்கும் முதலாளி கையை விரித்துவிட்டார். வீட்டில் தறி சும்மா கிடந்தது. அம்மா கல்யாணப் பட்டைக் கட்டி, தலையில் பூ வைத்து, தூக்குவாளியை ஒயர் கூடைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினாள். தெருவில் கேட்டவர்களிடம் கோயிலுக்கு என்றாள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று ஊரின் மறுகோடிக்குப் போனால், அங்கே பக்கத்து வீட்டுக்காரியும் பட்டுப்புடவையில் நின்றிருந்தாளாம். இருவரும் பார்க்காத மாதிரியே கஞ்சி வாங்கித் திரும்பினார்கள். அதைக் குடித்துவிட்டுத்தான் நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன்.

களத்தில், வெளிநாட்டில் இருக்கும் தமிழர் ஒருவர் துப்புத் துலக்கிவிட்டார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பசித்தவர்கள் இப்படியா வருவார்கள்? இது ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழ், படம் போட்டவர் கதை விடுகிறார் என்றார். ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். படம் எடுத்தவர், நான் அங்கே இருந்தேன் ஐயா, நம்புங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினார். ஆரணிக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கடைசியில் கெஞ்சினார்.

அது என் அம்மா என்று ஆரம்பித்து மளமளவென்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் காட்டலாம் என்று தோன்றியது. பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். அவ்வளவு அசடு நான். மறுநாள் மத்தியானம் அவளைக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தேன்.

படத்தைப் பார்த்ததும் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இதை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டாள். உலகம் பூராவும் என்றேன். களத்தில் மற்றவர்கள் எழுதியிருந்ததையெல்லாம் படித்துக் காட்டினேன். கோயில் கூழ் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அந்த ஆளு சொல்றதே இருக்கட்டும்டி. அம்மன் கூழுன்னா யார் வேணும்னாலும் கை நீட்டலாம். நீயும் ஆமான்னு எழுதிடு."

"படம் எடுத்தவரு பொய் சொல்லிட்டாருன்னு ஆயிடுமேம்மா."

"அவருக்கு இன்னா? அவரு வரிசையிலயா நின்னாரு?"

எழுதி வைத்திருந்ததை அழித்தேன். நான் ஆரணிதான், அது கோயில் கூழ்தான் என்று இரண்டே வரி எழுதி அனுப்பினேன். அம்மா நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போனாள். உள்ளூர்க்காரரே சொல்லிவிட்டார் என்று களத்தில் எனக்கு நன்றிக்கு மேல் நன்றி. அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால், கஞ்சி குடித்ததுதான் அவமானம் என்று சொல்லியிருப்பேன். இப்போது அந்த நன்றிகளை நினைத்தால்தான் முகம் எரிகிறது.

சாயங்காலம் படம் எடுத்தவர் ஒருமுறை வந்தார். ஊர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டது போலிருக்கிறது, எல்லோரும் மன்னிக்கவும் என்று எழுதினார். படத்தையும் களத்திலிருந்து நீக்கிவிட்டார்.