மலேரியாக் காலத்தில் ஒரு ஹேர்னியா

1. மூன்று தடவை

பெருமாளை மூன்றாம் தடவையும் திருப்பி அனுப்பியவன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வன்னியில் எங்கள் ஆஸ்பத்திரி போரால் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. மயக்கமருந்து கொடுக்க நான் ஒருவன் மட்டும். நிபுணன் அல்லன்; சில மாதம் பழகிவிட்டு வந்த சாதாரண டொக்டர். அந்த மாரியில் மலேரியா வீடு வீடாகப் பரவியிருந்தது.

கப்பலில் வந்த மருந்துப் பெட்டியொன்றுக்குள் மயக்கமருந்துச் சஞ்சிகைகளின் போட்டோப் பிரதிகள் கொஞ்சம் கிடந்தன. பழையவைதான், ஆனால் எங்களுக்கு அவைதான் புதுச் செய்தி. ஒவ்வொரு நோயாளியின் விரலிலும் ஒக்சிஜன் அளக்கும் கருவியை மாட்ட வேண்டும் என்று ஒன்றில் இருந்தது. எங்களிடம் கருவியும் இல்லை, கரண்டும் இல்லை. காய்ச்சல்காரருக்கு அவசரமில்லாத ஒப்பரேசனை ஒத்திவைக்க வேண்டும் என்று இன்னொன்றில் இருந்தது. அதற்கு ஒரு கருவியும் தேவையில்லை. அன்றே சட்டம் போட்டேன்: மலேரியா இல்லை என்ற இரத்தப் பரிசோதனைத் துண்டு இல்லாமல் ஒருவரும் தியேட்டருக்குள் வரக்கூடாது.

பெருமாள் மலையகத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்தவர். வலது பக்கம் ஹேர்னியா. மண்வெட்டியோடு குனிந்தால் குடல் இறங்கிவிடும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார். பதினைந்து மைல்கட்டை தூரம் மச்சான் சுப்பையா சைக்கிள் மிதிக்க, இவர் கரியரில் இருந்து வருவார். மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் மலேரியா.

2. நான்காம் தடவை

இந்தமுறை துண்டில் 'மலேரியா இல்லை' என்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன். உடம்பு சூடில்லை.

"இண்டைக்காவது விடுவீரோ?" என்றார் எங்கள் சேர்ஜன். என் சட்டத்தால் அவருக்கும் எரிச்சல்.

முதுகில் ஸ்பைனல் ஊசி போட்டேன். இடுப்புக்குக் கீழே விறைத்துவிடும், ஆள் விழித்திருப்பார். மானிட்டர் இல்லாததால் நோயாளியோடு கதைத்துக்கொண்டே இருப்பேன். அவருடைய பதில்தான் எனக்கு மானிட்டர்.

"பெருமாள், எத்தினை ஏக்கர் விதைச்சனீங்கள்?"

"ரெண்டு ஏக்கருங்க."

சேர்ஜன் தோலை வெட்டிச் சில நிமிடம்கூட ஆகவில்லை, பெருமாள் நடுங்கத் தொடங்கினார். ஸ்பைனலுக்குப் பிறகு சிலர் நடுங்குவதுண்டு. போர்வையால் மூடினேன். தியேட்டர் நேர்ஸ் மிஸ் புவனேஸ்வரி அவருடைய நெற்றியில் கைவைத்தார்.

"சேர், ஆள் கொதிக்கிறார்."

"துண்டிலை இல்லையெண்டுதானே கிடக்கு!"

"நான் துண்டைத் தொட்டுப் பாக்கேல்லை சேர், ஆளைத்தான் தொட்டுப் பாத்தனான்."

பிரஷர் இறங்கியது. சேலைனை வேகமாக விட்டு, ஊசி மருந்தும் கொடுத்து ஏற்றினேன். மறுபடி கேட்டேன்.

"பெருமாள், எத்தினை ஏக்கர்?"

"மாடு... மாட்ட கட்டல..."

அதற்குப் பிறகு பதிலே இல்லை. பிரஷர் சரியாகிவிட்டது, மூச்சும் ஒழுங்காக வருகிறது, ஆள்மட்டும் இல்லை. காய்ச்சல், அதோடு முதல்நாளிலிருந்து பட்டினி. இரத்தத்தில் சீனி விழுந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் பிடிபட்டது.

"மிஸ், குளுக்கோஸ்!"

அலுமாரியில் இருந்தது மூன்றே குப்பி.

"நான் வெட்டுறதோ, தைக்கிறதோ?" என்று கேட்டார் சேர்ஜன்.

"தைச்சு மூடுங்கோ சேர், ஹேர்னியா பிறகு!" என்று கத்தினேன். அவரை நோக்கி நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது குப்பி நரம்பில் ஏறி முடிகிறபோது பெருமாள் கண்ணைத் திறந்தார்.

"எத்தினை ஏக்கர்?"

"ரெண்டுங்க. அப்பவே சொன்னேனே."

3. துண்டு யாருடையது

வெளியே வந்து சுப்பையாவைப் பிடித்தேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. அது ஆருடைய இரத்தம்?"

"என்னோடதுங்க. பேரு மட்டும் மச்சானோடது." ஊசி குத்திய விரலை நீட்டிக் காட்டினார். "காய்ச்சல் தெரியாம இருக்கக் காலையில ரெண்டு பனடோல் போட்டுத்தாங்க கூட்டியாந்தேன்."

"ஆளைச் சாகக் குடுக்கப் பாத்தியளே!"

வாயில் வந்ததெல்லாம் பேசினேன்.

இரண்டு நாள் கழித்து, மலேரியாவுக்குக் கொயினைன் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, பெருமாளுக்கும் அதே ஏச்சைத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மூணு தடவ நெசத்தத்தான் சொன்னேனுங்க. மூணு தடவையும் வீட்டுக்குப் போன்னீங்க. நீங்க எழுதிக் குடுத்த மாத்திரை இங்கயும் இல்ல, கடையிலயும் இல்ல. அப்புறம் காய்ச்சல் எப்படிங்க போகும்?"

தலைமாட்டில் கிடந்த கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். என் கையெழுத்தில், மூன்று திகதிகளுக்கு நேரே ஒரே வரி: 'மலேரியா. சுகமானபின் வரவும்.' அந்த மாத்திரை எங்கே கிடைக்கும், எந்த நாள் மறுபடி வருவது என்று ஓரிடத்திலும் இல்லை. அதுவரை அவர்மீதிருந்த கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

அன்று சேர்ஜனிடம் போனேன். காய்ச்சலென்று ஒத்திவைக்கிறவர்களை இனி வார்டிலேயே வைத்து மருந்து கொடுப்போம் என்றேன்.

"கட்டில் எங்கை கிடக்கு?"

"பாயிலை படுக்கட்டும் சேர். காய்ச்சல் விடுமட்டும் எங்கடை கண்ணுக்கு முன்னாலை கிடக்கட்டும்."

"பிறகு என்னை ஒண்டும் கேக்காதையும்" என்றார். மறுக்கவில்லை.

வகுப்பறைகளுக்கு வெளியே விறாந்தையில் பாய் விரித்தோம். மாத்திரை தட்டுப்படும்போதெல்லாம் முதலில் அவர்களுக்குக் கொடுத்தோம். ஆள் மாறாதபடி, இரத்தப் பரிசோதனைக்கு ஊசியால் விரலைக் குத்துவதை வார்டிலேயே செய்தோம். பெருமாளுக்குக் காய்ச்சல் விட்டு உடம்பு தேறியபின் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் ஹேர்னியாவைச் சரிசெய்தோம். தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் போய்விட்டார்.

கொரோனாக் காலத்தில் இளைய மயக்கமருந்து டொக்டர்கள் சிலர் என்னிடம் வந்து சினந்தார்கள். நோயாளிகள் காய்ச்சலை மறைக்கிறார்களாம், பரிசோதனையில் ஏமாற்றுகிறார்களாம். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். துண்டைப் பார்த்த பிறகும் ஆளைத் தொட்டுப் பாருங்கள், ஒருதடவையோடு விடாதீர்கள். ஒப்பரேசனை ஒத்திவைத்தால் மருந்தையும் மறுபடி வரவேண்டிய நாளையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். இரண்டும் இல்லாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்தமுறை அவர் பொய்யோடுதான் வருவார். அதில் பாதி, 'சுகமானபின் வரவும்' என்று நாங்கள் எழுதிய பொய்.