பத்மாசினிக்கு வரவேண்டிய கடிதம்

காலை பத்தரை ஆனால் பத்மாசினி கேற்றைத் திறந்துவைத்துக்கொண்டு தபால்காரருக்காக நிற்பார். வருவது வங்கிக் கடிதமோ தொலைபேசி பில்லோதான். அதையும் நின்ற நிலையிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரையில் திகதி விழுந்திருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் உள்ளே கொண்டுபோவார்.

முப்பத்தொரு வருஷம் கோப்பாய்ப் பக்கத்துத் தபாற்கந்தோரில் பதிவுத் தபால் பதிந்த கை. கையெழுத்து வாங்காமல் சொந்த மச்சாளுக்குக்கூட ஒரு கடிதம் கொடுத்ததில்லை. வாசிக்காமல் ஒப்பம் வைப்பவர்களைக் கண்டாலே ஆகாது.

இந்த மாதம் அவர் காத்திருந்தது ஒரே ஒரு கடிதத்துக்கு. கொக்குவிலில் அவர் சமைக்கிற குசினிச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, பக்கத்து வளவில் மூன்று மாடி எழும்பப்போகிறது. சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று, மண் தோண்டும் பெக்கோவும் வந்து நிற்கிறது. அத்திவாரம் எட்டடி ஆழமாம். குசினிச் சுவரோ இரண்டடி ஆழக் கல்லில் நிற்கிற பழஞ்சுவர். பக்கத்தில் மண்ணை எடுத்தால் அது தோண்டிய கிடங்குக்குள் சரியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பத்மாசினி மட்டும் பதறவில்லை. சந்தையிலும் கோயிலிலும் அவர் சொன்னது ஒரே கதைதான்.

"எனக்கு எழுத்திலை அறிவிக்காமல் உவையள் ஒரு பிடி மண் எடுக்கேலாது. கடிதம் வரட்டும், பதில் எழுதி வைச்சிருக்கிறன்."

உண்மையாகவே எழுதி வைத்திருந்தார். நான்கு பக்கம், மூன்று பிரதி.

வியாழக்கிழமை பெக்கோ உறுமத் தொடங்கியது. பத்மாசினி போய் அதன் முன்னால் நின்றார். கட்டடத்தைக் கொந்தராத்து எடுத்துக் கட்டும் பார்த்தீபன் மரியாதை தெரிந்தவன். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அறிவித்தல் போன மாதமே வீட்டு உரிமையாளருக்குப் போய்விட்டது என்று தொலைபேசியில் வந்திருந்த பதிலைக் காட்டினான். உரிமையாளர் கனடாவில் இருக்கும் மகள் துஷாந்தினி. கலியாணத்தின்போது வீட்டைச் சீதனமாக அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தவர் பத்மாசினியேதான்.

ஆட்சேபனை இல்லை என்று மகள் ஒப்பம் வைத்திருந்தாள். கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தாள்: எங்கள் வீட்டையும் வளவையும் விற்பதென்றால் நீங்களே எடுப்பீர்களா? ஞாயிறு தவறாமல் தாயோடு கதைக்கிற பிள்ளை, இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பத்மாசினி தொலைபேசியை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வீட்டிலை நான் இருக்கிறன் எண்டு ஒரு வரியாவது எழுதினவளோ, தம்பி?"

"இல்லை, அன்ரி. அதுதான் நானாய் இதைக் கொண்டுவந்தனான்."

வீட்டில் குடியிருப்பவரும் வேலை நடக்கப்போவதை அறிந்துகொண்டார் என்று ஒப்பமிடும் படிவம் அது. உரிமையாளர், வாடகைக்காரர் என்று இரண்டு பெட்டிகள். இரண்டையும் விட்டுவிட்டு, பக்கத்தில் தாய் என்று எழுதினால் போதும் என்றான் பார்த்தீபன்.

பத்மாசினி அவனிடமே பேனையை வாங்கி, வாடகைக்காரர் என்ற பெட்டிக்குள் தாள் கிழிய அழுத்திச் சரி போட்டார்.