மாதாவுக்கு ஆவாரம்பூ

காலாப்பட்டு நர்சரியில் ஆவாரஞ்செடியைத் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். "தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க சார், அழுகிடும்" என்றார் விற்கிற அம்மாள். அந்த மஞ்சளைப் பார்த்ததும் மனம் எங்கள் பழைய வீட்டுக்குப் போய்விட்டது.

அங்கே மதிலோரம் அப்பா ஆவாரை நட்டிருந்தார். "ரோட்டோரத்துல கெடக்கறத யாராவது வீட்ல வெப்பாங்களா?" என்பாள் அம்மா. வீட்டுத் தண்ணீர் முழுக்க அவளுடைய ரோஜாக்களுக்குத்தான்.

மே, மாதாவின் வணக்க மாதம். தினம் ஒரு வீட்டார் கோயில் பீடத்துக்குப் பூ கொண்டுபோக வேண்டும். குழாய் காய்ந்துபோன ஒரு மே மாதத்தில் எங்கள் முறை வந்தபோது ரோஜாவில் ஒரு மொட்டுகூட இல்லை. ஒரு சொட்டும் கேட்காத ஆவாரையோ பொன்னாகப் பூத்துக் குலுங்கியது. அம்மா அதையே கூடை நிறையப் பறித்தாள்.

கோயிலில் பக்கத்து வீட்டு அக்கா, "என்ன பூ இது?" என்று இழுத்தார்.

"எங்க தோட்டத்துப் பூ" என்றாள் அம்மா, நிமிர்ந்து.

வீடு திரும்பியதும் ஒரு குடம் தண்ணீரோடு ஆவாரையிடம் போனாள்.

"ஊத்திக் கெடுக்காத" என்று அப்பா தடுத்தார்.

அம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு விரலை நனைத்து, தீர்த்தம் போல, அதன்மேல் தெளித்தாள்.

வாங்கிவந்த செடிக்கு முதல் தண்ணீரை நானும் அப்படித்தான் விட்டேன்.