அஷ்டமியில் வரச் சொன்னவர்கள்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். என் மகளுக்குக் கொச்சிப் பக்கம் கடலோர ஊர் ஒன்றிலிருந்து வரன் வந்தது. நாங்கள் சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் இருப்பவர்கள். கடலை டி.வி.யில் பார்த்ததோடு சரி. பையனின் அம்மா வேலந்தாவளத்துக்காரர். கல்யாணமாகி அந்தக் கடலோரத்துக்குப் போனவர். பையனுக்குப் படகுத்துறையில் வேலை. போனில் சில முறை பேசிய பிறகு, அவன் பேச்சை எடுத்தாலே என் மகள் முகம் மலர ஆரம்பித்திருந்தது. ஒரு தாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

மாப்பிள்ளை வீடு பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டோம். அந்த அம்மா தயங்கித் தயங்கி, அஷ்டமியை ஒட்டி வர முடியுமா என்றார். என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்!

“அஷ்டமியில எவனாச்சும் நல்ல காரியம் பேசுவானா? நம்மள என்னன்னு நெனச்சிட்டாக?” என்று குதித்தார். நானும் சேர்ந்து ஒத்து ஊதினேன். காலண்டரைப் புரட்டி, பௌர்ணமியன்று காலை நல்ல நேரம் பார்த்துச் சொன்னோம். அவர்கள் மறுபேச்சு பேசவில்லை.

முந்தின நாளே கொச்சியில் தங்கி, காலையில் போய்ச் சேர்ந்தோம். மகளை அழைத்துப் போகவில்லை. சின்ன வீடு, தாயும் மகனும் மட்டும். சுவரெல்லாம் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்துப் பெயர்ந்து கிடந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு வெள்ளை அடிக்கக்கூடவா சோம்பல் என்று மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டேன். கட்டிலும் பீரோவும் செங்கல் மேல் நின்றதை அப்போது நான் கவனிக்கவே இல்லை.

காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் பாதத்தில் சில்லென்றது. அடுக்களைப் பக்கமிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மழை இல்லை, வெளியே நல்ல வெயில். பையன் பதறாமல் எழுந்து கேஸ் சிலிண்டரை மேடை மேல் தூக்கி வைத்தான்.

“கடல் ஏறுது அத்தை. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் இப்படித்தான். அஷ்டமிப் பக்கம் கொஞ்சம் அடங்கி இருக்கும்...” என்று மென்று விழுங்கினான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

முன்பெல்லாம் முற்றத்தோடு திரும்பிவிடும் தண்ணீர், இப்போது வீட்டுக்குள் வருகிறதாம். துருவங்களில் நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் சேருகிறது, கடலும் சூடேறி விரிகிறது, மட்டம் ஏறிக்கொண்டே போகிறது என்றான். எங்கள் மலையில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். பனி உருகினால் எங்களுக்குக் கொண்டாட்டம். எங்கோ உருகும் பனி ஒரு வீட்டு அடுக்களைக்குள் வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

யாரும் எதிர்பார்க்காதபடி என் வீட்டுக்காரர், “தண்ணிதான தங்கச்சி, வடிஞ்சிரும்ல. பையன் தங்கம். எங்களுக்குச் சம்மதம்” என்றார். எனக்குக் கொடுக்க எடுத்த பூத்தட்டோடு தண்ணீரில் நின்ற அந்த அம்மா தலையை ஆட்டினார்.

“வேண்டாங்கண்ணா. அஷ்டமியில வந்திருந்தா மறைச்சிருப்பனுங்க, இப்ப முடியலீங்க. நான் கண்ணாலமாகி வந்தப்ப இந்த ஊட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்லீங்க. இப்ப கெணத்துத் தண்ணியும் உப்பாயிருச்சு. விக்கலாம்னா வாங்க ஆளில்லை, உட்டுப்போட்டுப் போக எடமில்லை. தெரிஞ்சே இன்னொரு பொண்ணை இதுக்குள்ள எறக்க எனக்கு மனசு வரலீங்க.”

பையன் தலைகுனிந்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எங்கள் பக்கம் வந்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தோட்டம் கொடுத்த லயத்தில் நாங்களே எத்தனை நாளைக்கோ! சொல்லவில்லை.

ஊர் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் என் மகள் இரண்டு நாள் போனைத் தொடவே இல்லை. இப்போது கம்பம்மெட்டில் வாழ்க்கைப்பட்டு, குழந்தையோடு நன்றாக இருக்கிறாள். அந்தத் தாயும் மகனும் என்ன ஆனார்களோ, ஒரு போன் போட்டு விசாரிக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று மலை ஏறும்போது, “நல்லவேளை, நாம தப்பிச்சோம்” என்று நான்தான் சொன்னேன். என் மகளைத் தன் மகளாக நினைத்து வேண்டாம் என்றவரை அந்தத் தண்ணீரிலேயே நிற்க விட்டுவிட்டு வந்து, நல்லவேளை என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்ததோ என்று இன்றைக்கும் மனசு கூசுகிறது.