மணல் அடைத்த ஃப்யூஸ்

அந்த வருடம் தசராவுக்கு எங்கள் வீட்டில் வாங்கியவற்றிலேயே விலை அதிகமானது என் பட்டுப்பாவாடை இல்லை, ஒரு ஃப்யூஸ். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதை வாங்கியதால், எக்ஸிபிஷனில் ராட்டினத்தில் ஏற்றிவிடுவதாகச் சித்தி எனக்குக் கொடுத்திருந்த வாக்கு காற்றோடு போயிற்று. அந்த ஃப்யூஸை மன்னிக்கிற வயது அப்போது எனக்கு இல்லை.

சித்தி அம்மாவின் தங்கை. கொள்ளேகாலத்துக்காரி. ஐ.டி.ஐ. படித்துவிட்டு மைசூரில் எங்களோடு தங்கி, நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தாள். அங்கே அந்த வேலையில் இருந்த ஒரே பெண் அவள்தான். கரண்ட் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் மல்டிமீட்டரைச் சொந்தமாகவே வைத்திருந்தாள். மிஷின்களுக்குக் கரண்ட் பிரிந்து போகிற பேனல் பெட்டியின் கதவை அவள் திறக்கிற கதையைச் சொன்னால், ஜூவில் புலிக்கூண்டைத் திறப்பது மாதிரி எனக்குத் தோன்றும்.

அந்த மீட்டருக்குள் இருந்த ஃப்யூஸ் போய்விட்டது. தேவராஜ மொஹல்லா கடையில் கேட்டதற்கு, ஒரு டீக்காசுக்குக் கண்ணாடி ஃப்யூஸை எடுத்து நீட்டினார்கள். சித்தி அது வேண்டாமென்று வந்துவிட்டாள். பெங்களூரிலிருந்து வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் ஒன்றைத் தருவித்தாள். அது வரும்வரை மீட்டரை வேலைக்கு எடுத்துப் போகவே இல்லை.

விலையைக் கேட்டு அப்பாவுக்கு மயக்கம் வராத குறை.

"அப்படி என்னம்மா இருக்குது அதுக்குள்ள?"

"மணலுங்க மாமா."

"காவேரியில சும்மா கிடக்குது. சொல்லியிருந்தா ஒரு சாக்கு அள்ளியாந்திருப்பேனே."

சித்தியும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எங்க பேனல்ல மீட்டரைத் தப்பா வெச்சுட்டா, ஃப்யூஸுக்குள்ள கம்பி உருகினாலும் நெருப்பு நிக்காதுங்க. கம்பி அறுந்த இடைவெளியிலயே தாவிக்கிட்டு இருக்கும். கண்ணாடின்னா மீட்டரே கையில வெடிச்சுரும். மணல் அந்த நெருப்பை அங்கேயே அமுக்கிப்புடும்."

அப்பா நம்பினாரோ என்னவோ. அதிலிருந்து குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, "மணலையே காசு குடுத்து வாங்கற வீட்டுல உப்புக்கா பஞ்சம்?" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஆயுத பூஜையன்று சாமான்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது அப்பாவின் பொறுப்பு. ஸ்கூட்டர், தையல் மிஷின், அரிவாள்மனை எல்லாம் முடித்து மீட்டருக்கு வந்தார். வாயில்தான் கிண்டல், கையில் பக்தி குறையவில்லை. ஒயர்களைப் பிடுங்கித் துடைத்தார். துளைகளைச் சுற்றிச் சந்தனம் தடவி, எந்தத் துளை எதற்கென்று காட்டும் எழுத்துகளின் மேலேயே குங்குமம் வைத்தார். ஒயர்களை மறுபடி செருகிச் சாமிக்கு முன்னால் வைத்தார். எனக்கு அது கல்யாணப்பெண் மாதிரி அழகாக இருந்தது. பூஜையில் வைத்ததைக் கலைப்பானேன் என்று சித்தி அப்படியே பையில் போட்டுக்கொண்டு, விடுமுறை முடிந்ததும் வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் ரயிலில் திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் மீட்டரும் உள்ளங்கையில் அந்த ஃப்யூஸும் இருந்தன.

"அதுக்குள்ள போயிருச்சா? அத்தனை விலை குடுத்து வாங்கினது" என்றார் அப்பா.

"போறதுக்குத்தானுங்க மாமா வாங்கினேன்."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "வோல்டேஜ் ஓட்டையில இருக்க வேண்டிய சிவப்பு ஒயரு, ஆம்பியர் பாக்கற பக்கத்து ஓட்டையில இருந்திருக்குது. பாக்காம பேனல்ல வெச்சுட்டேன். என்ற தப்புதான். டப்புனு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

ஒயரைச் செருகியது யார் என்று அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. அந்த மனசு யாருக்கு வரும்? அப்பா மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். துளைகளைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

அன்றைக்கு அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. சித்தியே தட்டை எடுத்துக்கொண்டு போய், "சாப்பிடுங்க மாமா. நான் நல்லாத்தான இருக்கறேன்" என்றாள்.

"நாளைக்கு பெங்களூர் போறேன்" என்றார் அப்பா. "ரெண்டு வாங்கியாறேன்."

எதற்கு இரண்டு என்று அம்மா கேட்டாள். அப்பா மீட்டரை எடுத்து, எழுத்துகளின் மேல் இருந்த குங்குமத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

எரிந்த ஃப்யூஸைச் சித்தி எனக்கு விளையாடக் கொடுத்துவிட்டாள். விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு கருகல் இல்லை, ஒரு கீறல் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை, இதற்குப் போய் அப்பா பட்டினி கிடக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.