தூங்குமூஞ்சி மரத்தில் நான் கட்டிய மஞ்சள் துணி

ராஜபாளையத்தில் மரத்தைப் பற்றி எவனுக்கு என்ன தெரிய வேண்டுமென்றாலும் கடைசியில் என்னிடம்தான் வரணும். நாலாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மரக்கடையில் தடி சுமந்து தோள் காய்த்து, பொறவு இங்கே வந்து சொந்தமாக அறுவை மில் போட்டேன். ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. இன்றைக்கும் ஒரு தடியைச் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினால் உள்ளே கெட்டியா, பொக்கா என்று சொல்லிவிடுவேன். தப்பினதே கிடையாது.

எங்கள் வீட்டுக்கு எதிரே நகராட்சிப் பூங்கா. ஆனி மாசம் ஒரு காலையில் நடக்கப் போனவன், அங்கே நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பார்த்தேன். கிழக்கே நீண்ட கொப்பு ஒரு லாரி நீளம் இருக்கும். அது பிரிகிற கவட்டையில் வெடிப்பு, விரல் நுழைகிற அளவுக்கு. அதற்கு நேர் கீழே பிள்ளைகள் ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும். ஆடி பிறந்து மலைக்காத்து இறங்கினால் அந்தக் கொப்பு நிற்காது. விழுகிற நேரம் ஊஞ்சலில் எவர் பிள்ளை இருக்குமோ.

நேரே நகராட்சி ஆபீசுக்குப் போனேன். பூங்காக்களைப் பார்க்கிற இன்ஜினியர் ஒரு அம்மா, என் மூத்த மகள் வயசுதான். என்னிடம் கிரேன் இருக்கு, ஆள் இருக்கு, மத்தியானத்துக்குள் இறக்கிவிடுவேன், கூலி வேண்டாம் என்றேன். அந்தம்மா உடனே கிளம்பி வந்து பார்த்தார். வெடிப்பைப் பார்த்ததும் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் வெட்டச் சொல்லவில்லை. அரசாங்க இடத்து மரம், அம்புட்டுப் பெரிய கொப்பை இறக்க வேண்டுமென்றால் பசுமைக் குழுவில் வைத்துச் சம்மதம் வாங்கணும், வன அலுவலர் நேரில் வந்து பார்க்கணும், பொறவுதான் உத்தரவு என்று விளக்கினார். அவசரம் என்று எழுதி அன்றைக்கே அனுப்புவதாகவும் சொன்னார்.

“அதுக்குள்ள விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?” என்றேன்.

“நான்தான் ஐயா. அனுமதி இல்லாம வெட்டினாலும் நான்தான்.”



உத்தரவு வருகிற வரைக்கும் அந்தப் பக்கம் ஆள் போகாமல் தடுக்க அந்தம்மாவுக்கு அதிகாரம் உண்டு. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ‘ஆபத்து, உள்ளே வராதீர்’ என்று போர்டும் வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாளே பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஆடின. யாரோ வேட்டியைக் காயப் போட்டிருந்தார். போர்டில் சாய்ந்துகொண்டு நாலு பேர் சீட்டு ஆடினார்கள். பூங்காக் காவல்காரர் விசில் ஊதினால் எழுந்து போவார்கள், அவர் திரும்பினால் வந்து உட்காருவார்கள். அபராதம் போடுவோம் என்று சொல்லிப் பார்த்தார். போட்டுக்கோங்க, ஆட்டம் முடியட்டும் என்றார்கள்.

நம்ம ஆட்கள் எதுக்கு அடங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். என் மில் சுவரில் வரிசையாக நின்று ஒண்ணுக்குப் போனவர்களை நான் நிறுத்தினதும் சாமி படம் ஒட்டித்தான். ஒரு நாள் விடியும் முன்னே பூங்காவுக்குப் போய், மஞ்சள் தண்ணியில் நனைத்த துணியை மரத்தில் கட்டினேன். மில்லில் கிடந்த உருண்டைக் கல் ஒன்றை அடியில் வைத்தேன். குங்குமம் மூணு பொட்டு. வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

அன்றைக்கு ஒரு பயல் அந்தப் பக்கம் அண்டவில்லை. சீட்டுக் கச்சேரி மதில் ஓரத்துக்குப் போய்விட்டது. தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துத் தூரமாகச் சுற்றிக் கூட்டிப் போனார்கள். ஒரு நகராட்சி செய்யாததை ஒரு முழத் துணி செய்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

மறுநாள் கல்லின் மேல் மல்லிகைச் சரம் கிடந்தது. பூங்கா வாசலில் பூ விற்கிறவள் போட்டது. அதற்கடுத்து எலுமிச்சம்பழம், விளக்கு. பூக்காரியின் கனவில் ஆத்தா வந்து ஊஞ்சலில் ஆடினாளாம். ஊஞ்சல்காரி என்று பேரும் வைத்துவிட்டார்கள். முன்னே சும்மா கடந்து போன பொம்பளைகள் இப்போது கொப்புக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். விரட்ட வைத்த கல், ஆளைக் கூட்டியது. மலைக்காத்தும் இறங்கிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்ஜினியரம்மா வந்து, யார் வைத்தது என்று கேட்டார். ஒளிக்கிற ஆள் நான் இல்லை, நான்தான் என்றேன்.

“பூங்காவுக்குள்ள புதுசா எந்தக் கோயிலும் வரக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு ஐயா. மரத்துக்கு ஒரு அனுமதிதான் கேட்டு நின்னேன். இப்ப கல்லை எடுக்கப் போலீசும் கேக்கணும்.”

“உங்க போர்டு ஒரு நாள்கூட நிறுத்தலையேம்மா” என்றேன்.

அவர் கொப்பை அண்ணாந்து பார்த்தார். விரல் நுழைந்த இடத்தில் இப்போது கையே நுழையும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வன அலுவலர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னார். ஆடி முதல் வெள்ளி.

அந்த வெள்ளி காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே குலவைச் சத்தம். வீட்டுக்காரி கோயிலுக்கு என்று சொல்லிக் கிளம்பியிருந்தாள். எந்தக் கோயில் என்று அப்போதுதான் உறைத்தது.

ஓடினேன். கொப்புக்குக் கீழே வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் பானை ஏற்றியிருந்தார்கள். நடுப் பானையில் கரண்டி போட்டுக் கிண்டுகிறவள் என் பொண்டாட்டி. இன்ஜினியரம்மா ரெண்டு போலீஸ்காரர்களோடு நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்கள் பூட்சைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்கள். அதைப் பார்த்தபொறவு எந்தப் பொம்பளை எழுந்திருப்பாள்?

காத்து ஒரு வீச்சு வீசியது. மேலே பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு முனகல். காலமெல்லாம் மரத்தோடு கிடந்தவன் காதுக்கு அது எட்டியது. அவர்களுக்குக் குலவைதான் கேட்டது.

“ஏட்டி, எந்திரி. இது சாமி இல்லை. துணி நான் கட்டினது, கல்லு நம்ம மில்லு கல்லு” என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பூக்காரி சொன்னாள்: “அப்ப ஆத்தா உங்க மில்லுலதான் இம்புட்டு நாளும் இருந்திருக்கா, முதலாளி.”

என் வீட்டுக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க எங்க கட்டுனீங்க. அவ உங்க கையப் புடிச்சுக் கட்ட வச்சிருக்கா. செத்த நேரம் சும்மா நில்லுங்க, பால் பொங்கட்டும்.”

மறுபடியும் முனகல். மேலிருந்து பட்டைத் தூள் உதிர்ந்து பானையில் விழுந்தது. அவள் அதைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுக் கிண்டினாள். 

இன்ஜினியரம்மா என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: “உங்க கல்லுதானே ஐயா. நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க.”

ஆபீஸ்காரர்களில் நான் மதிக்கிற ஆள் அந்தம்மா ஒருத்தர்தான், ‘தூக்கிட்டு’ என்னாமல் ‘கூட்டிட்டு’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காக.

செருப்பை உதறினேன். சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொப்புக்கு அடியில் நுழைந்தேன். குனிந்து கல்லைப் பிடித்தபோது முதுகு முழுக்க மேலேயே கவனமாக இருந்தது. இள வயசில் பர்மா தேக்கைத் தூக்கினவன். அந்தச் சின்னக் கல் அன்றைக்குக் கனத்த மாதிரி எதுவும் கனத்ததில்லை. தோளில் ஏற்றி நிமிர்ந்தேன்.

“ஆத்தாளுக்கு இந்த எடம் ஆகலையாம். என் மில்லுக்கு வாரேன்னு சொல்றா” என்றேன்.

 காத்து மட்டும் அடித்தது. பொறவு முதல் குலவை என் வீட்டுக்காரியிடமிருந்து வந்தது. அவள் நம்பித்தான் போட்டாளா, என் முகத்தைப் பார்த்துப் போட்டாளா, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. முந்தானையால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவள் நடக்க, மற்றவர்களும் பானையும் பிள்ளையுமாகப் பின்னால் வந்தார்கள். கடைசி ஆள் வெளியே வந்ததும் இன்ஜினியரம்மா தன் கையாலேயே கேட்டைப் பூட்டினார்.

மத்தியானம் வன அலுவலர் வந்து பார்த்தார். உத்தரவும் தாமதமில்லாமல் வந்துவிட்டது. என் கிரேன், என் ஆட்கள். கயிறு போட்டுக் கட்டினோம். வாள் பாதி இறங்கும் முன்னே கொப்பு தானாக முறிந்து கயிற்றில் தொங்கியது. உள்ளே முழங்கை வரைக்கும் பொக்கு. நான் சொன்னதுதான்.

கல் இப்போது என் மில் வாசல் வேப்பமரத்தடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் பொம்பளைகள் வருவதால் மெஷினை நிறுத்த வேண்டியிருக்கிறது. மழைக்கு நனைகிறதே என்று அவர்கள் கேட்டதால் தகரம் வாங்கி ஒரு ஷெட்டும் போட ஆரம்பித்தேன். தூண் நட்ட அன்றைக்கே இன்ஜினியரம்மா வந்து நின்றார்.

“கட்டட அனுமதி வாங்கிட்டீங்களா ஐயா?”

வேலையை நிறுத்தி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். நாலாங்கிளாஸ்காரன் என் கையாலேயே எழுதினது, ஒரு பிழை இல்லை என்று அந்தம்மாவே சொன்னார். அனுமதி இன்னும் வரவில்லை. ஆத்தா நனைந்துகொண்டுதான் இருக்கிறாள்.